கர்னல் மாறும்போது மெசேஜ் கியூ என்ன ஆகிறது

தொழிற்சாலைகளில் இருக்கும் மின் மீட்டர்களைப் படித்து, கணக்கு வைத்து, மின்சுமை எல்லை தாண்டினால் அலாரம் கொடுக்கும் ஒரு மென்பொருள். சோலாரிஸ் காலத்தில் சி மொழியில் எழுதியது. அதை முதலில் லினக்ஸுக்கும், அப்புறம் ஒரு கேட்வே பெட்டிக்காக ஃப்ரீபிஎஸ்டிக்கும் கொண்டுபோகும் வேலை என்னிடம் வந்தது. மூன்றும் யூனிக்ஸ் குடும்ப இயங்குதளங்கள். உள்ளே நான்கு ப்ராசஸ்கள், அதாவது தனித்தனியாக ஓடும் நிரல்கள். ஒன்று ஆர்எஸ்-485 என்ற சீரியல் லைனில் மோட்பஸ் என்ற தொடர்பு முறை வழியாக மீட்டர்களை வரிசையாகப் படிக்கும். இன்னொன்று டேட்டாபேஸில் எழுதும். மூன்றாவது அலாரம் பார்க்கும். நான்காவது, திரையில் இருப்பவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும். நான்கும் பேசிக்கொள்வது இயங்குதளத்தின் மையமான கர்னல் தரும் மெசேஜ் கியூ வழியாக மட்டும்தான். ஒருவர் போடும் மெசேஜ் அந்த வரிசையில் நிற்கும், மற்றவர் எடுத்துக்கொள்வார்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். கியூவைக் கையாளும் ஃபங்ஷன்களின் பெயர் எல்லா கர்னல்களிலும் ஒன்றுதான், மேனுவல் பக்கங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆனால் கியூ எவ்வளவு பெரியது, நிரம்பினால் என்ன நடக்கும், யார் அதை அழிப்பார்கள் என்ற மூன்றையும் கர்னல்தான் தீர்மானிக்கிறது. கோட் எந்தத் திருத்தமும் இல்லாமல் கம்பைல் ஆகிவிடும். சிக்கலெல்லாம் இந்த மூன்று இடங்களில்தான் வரும்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. யூனிக்ஸ் உலகத்தில் கர்னல் மெசேஜ் கியூ இரண்டு குடும்பம். பழையது சிஸ்டம் ஃபைவ் குடும்பம். பெல் ஆய்வகத்தில் பிறந்து, 1983-இல் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸோடு பரவியது. எம்எஸ்ஜி-கெட், எம்எஸ்ஜி-செண்ட், எம்எஸ்ஜி-ரிசீவ் என்ற அழைப்புகள் இதைச் சேர்ந்தவை. கியூவுக்குப் பெயர் கிடையாது, எண்தான் சாவி. இன்னொன்று, யூனிக்ஸ் வகைகளுக்கான பொதுத் தரநிலையான பாசிக்ஸின் 1993 நிகழ்நேர விரிவாக்கத்தோடு வந்த பாசிக்ஸ் குடும்பம். இதில் கியூவுக்குச் சாய்கோட்டில் தொடங்கும் பெயர் உண்டு, மெசேஜுக்கு முன்னுரிமை எண் உண்டு. லினக்ஸில் இது 2004-இல், 2.6.6 கர்னலில்தான் வந்தது. எங்கள் பழைய கோட் முழுக்க சிஸ்டம் ஃபைவ்.

லினக்ஸில் அது சிரமமில்லாமல் ஓடியது. ஃப்ரீபிஎஸ்டியிலும் கம்பைல் ஆகி, ஆய்வு மேசையில் இரண்டு மூன்று மீட்டரோடு நன்றாகவே ஓடியது. தொழிற்சாலையில் மாட்டிய பிறகு, பெட்டியை மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் சில மீட்டர்கள் 'பதில் இல்லை' என்று வரும். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். பார்ப்பவர்களுக்கு இது வயரிங் பழுது மாதிரியே தெரியும். எலக்ட்ரீஷியன் டெர்மினல் ஸ்க்ரூக்களை இறுக்கினார், லைன் முனையில் இருக்கும் ரெசிஸ்டரை மாற்றினார். ஒன்றும் மாறவில்லை.

விடை ஃப்ரீபிஎஸ்டியின் 'பிஎஸ்' கட்டளையில் இருந்தது. எந்த ப்ராசஸ் எதற்காகக் காத்திருக்கிறது என்று காட்டும் நெடுவரிசை ஒன்று அதில் உண்டு. மீட்டர் படிக்கும் ப்ராசஸுக்கு நேராக அங்கே எம்எஸ்ஜி-செண்ட் என்று இருந்தது. சீரியல் போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டிய ப்ராசஸ், கியூவில் இடம் கிடைப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. லினக்ஸில் ஒரு சிஸ்டம் ஃபைவ் கியூ இயல்பாகவே 16,384 பைட் பிடிக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் அது 2,048 பைட். எங்கள் மெசேஜ் 256 பைட். லினக்ஸில் 64 மெசேஜ் வரிசையில் நிற்க முடிந்த இடத்தில், ஃப்ரீபிஎஸ்டியில் எட்டுதான் நிற்க முடியும். அதோடு, எல்லாக் கியூக்களையும் சேர்த்து அந்த இயந்திரம் முழுவதற்கும் 40 மெசேஜ்தான் என்று இன்னொரு எல்லையும் அங்கே உண்டு. மறுதொடக்கம் ஆனவுடன் டேட்டாபேஸ் திறக்கச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் கியூ நிரம்பிவிடும். மீட்டர் படிக்கும் ப்ராசஸ் நின்றுவிடும். மோட்பஸில் நேரக்கெடு முக்கியம், அது தவறினால் 'பதில் இல்லை' என்று பதிவாகும். கியூவில் நடந்த நெரிசல், லைனில் பழுது என்று வெளியே தெரிந்தது.

எல்லையை மாற்றும் விதத்திலும் இரண்டு கர்னலுக்கும் ஒத்துவராது. லினக்ஸில் சிஸ்கண்ட்ரோல் என்ற கட்டளை மூலம் ஓடும்போதே மாற்றலாம். ஆனால் புதிதாகப் பிறக்கும் கியூவுக்குத்தான் அது பொருந்தும், ஏற்கெனவே இருக்கும் கியூ தன் பழைய அளவிலேயே இருக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் அந்த எண்களை, இயந்திரம் கிளம்பும்போது படிக்கப்படும் லோடர் கோப்பில் எழுதிவிட்டு இயந்திரத்தை மறுதொடக்கம் செய்ய வேண்டும். சோலாரிஸ் பழைய பதிப்புகளில் இதற்கு சிஸ்டம் கோப்பு, 2005-இல் வந்த சோலாரிஸ் 10 முதல் ப்ராஜெக்ட் வாரியான கட்டுப்பாடு. ஆகவே 'கியூ அளவைக் கூட்டுங்கள்' என்று நிறுவல் குறிப்பில் ஒரே வரியில் எழுதினால் போதாது. கர்னலுக்கு ஒரு பத்தி வேண்டும்.

அந்த நேரத்தில்தான் பாசிக்ஸ் குடும்பத்துக்கு மாறலாம் என்ற பேச்சு வந்தது. லினக்ஸில் பாசிக்ஸ் கியூ ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர், அதாவது திறந்த கோப்புக்குக் கர்னல் தரும் எண். சாக்கெட், சீரியல் போர்ட், கியூ எல்லாவற்றையும் ஒரே ஈபோலில் (பலவற்றை ஒன்றாகக் கவனிக்கும் லினக்ஸ் வசதி) வைத்துக் காத்திருக்கலாம். சிஸ்டம் ஃபைவ் கியூவில் அது முடியாது. இந்த ஒரு வசதிக்காகவே பாதிப்பேர் மாறுகிறார்கள். ஆனால் பாசிக்ஸ் தரநிலை அப்படி எந்த உறுதியும் கொடுக்கவில்லை. ஃப்ரீபிஎஸ்டியில் கியூவைத் திறக்கும் எம்கியூ-ஓப்பன் அழைப்பு திருப்பித் தருவது லைப்ரரியின் உள் அமைப்புக்கான ஒரு பாயிண்டர். அதிலிருந்து டிஸ்கிரிப்டரை எடுக்கத் தனி ஃபங்ஷன் இருக்கிறது, அது வேறு எங்கும் கிடையாது. போதாததற்கு, ஃப்ரீபிஎஸ்டியில் எம்கியூ-எஃப்எஸ் என்ற கர்னல் மாட்யூல் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றாவிட்டால் எரர் எண் எதுவும் திரும்பாது, 'பேட் சிஸ்டம் கால்' என்று ப்ராசஸே செத்துப்போகும். சோலாரிஸில் இதே அழைப்புகள் கோப்புகளை மெமரியில் மேப் செய்து லைப்ரரிக்குள்ளேயே நடப்பவை.

மெசேஜைத் தேர்ந்தெடுக்கும் முறையும் வேறு. சிஸ்டம் ஃபைவில் ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு வகை எண் உண்டு. 'வகை 4312 மட்டும் கொடு' என்று கேட்டு வாங்கலாம். எங்கள் கோடில் இதைத்தான் முதுகெலும்பாக வைத்திருந்தார்கள்: கேள்வி கேட்கும் ப்ராசஸ் தன் ப்ராசஸ் எண்ணை எழுதி அனுப்பும், பதில் அதே எண்ணை வகையாகப் போட்டு அதே கியூவில் வரும். பழைய யூனிக்ஸ் கோடுகளில் இதை நிறையப் பார்க்கலாம். பாசிக்ஸில் இதற்கு ஈடு கிடையாது. முன்னுரிமை அதிகமான மெசேஜ் முதலில் வரும், அவ்வளவுதான். 'எனக்கு உரியதை மட்டும் கொடு' என்று கேட்க வழியில்லை. வகை எண்ணை முன்னுரிமை இடத்தில் திணிக்கும் எண்ணமும் வேண்டாம். லினக்ஸில் முன்னுரிமை 32,767 வரை போகும், ஃப்ரீபிஎஸ்டியில் 63 வரை, தரநிலை உறுதி தருவதோ 31 வரைக்கும்தான். பாசிக்ஸுக்கு மாறியபோது நாங்கள், கேள்வி கேட்கும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனிப் பதில் கியூ வைத்தோம். முன்னுரிமையில் அலாரம், சாதாரணம் என்ற இரண்டே படிகள்.

இயல்பு அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. எம்கியூ-ஓப்பனில் அளவு எதுவும் சொல்லாமல் கியூவை உருவாக்கினால் லினக்ஸ் பத்து மெசேஜ், ஒவ்வொன்றும் 8,192 பைட் என்று எடுத்துக்கொள்ளும். ஃப்ரீபிஎஸ்டி பத்து மெசேஜ், 1,024 பைட். வாங்கும் பக்கத்தில் 1,024 பைட் இடம் ஒதுக்கி எழுதிய கோட் ஃப்ரீபிஎஸ்டியில் ஓடும், லினக்ஸில் முதல் மெசேஜிலேயே தோற்கும். வந்த மெசேஜ் நூறே பைட்டாக இருந்தாலும் தோற்கும். ஏனென்றால் ஒப்பிடப்படுவது வந்த மெசேஜின் நீளம் அல்ல, கியூவின் உச்ச அளவு. அதனால் அளவை நாமே எழுதிக் கொடுப்பதோடு, திறந்தபின் எம்கியூ-கெட்-ஆட்டர் கேட்டு உண்மையில் என்ன கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். கியூ ஏற்கெனவே இருந்தால் நாம் கொடுத்த அளவு கண்டுகொள்ளப்படாது. புதிய பதிப்பில் மெசேஜைப் பெரிதாக்கினோம், பழைய கியூ கர்னலில் அப்படியே இருந்தது, அப்டேட் செய்த இடங்களில் மட்டும் அனுப்புதல் தோற்றது என்ற புகார் இந்த வகையில்தான் வரும். மறுதொடக்கம் செய்தால் போய்விடும் என்பதால் காரணம் வெகுநாள் மறைந்தே இருக்கும்.

லினக்ஸில் இன்னொரு எல்லை, ஒரு பயனருக்கு மொத்தக் கியூ நினைவகம் 819,200 பைட். இயல்பு அளவில் கியூக்களைத் திறந்துகொண்டே போனால் பத்தாவது கியூ திறக்காது, ஏனென்றால் ஒவ்வொரு மெசேஜுக்கும் கர்னலின் சொந்தக் கணக்கும் சேரும். அப்போது வரும் எரர் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'. அதைப் பார்த்தவுடன் எல்லோரும் ஃபைல் எண்ணிக்கை எல்லையைத்தான் கூட்டுவார்கள். கூட்ட வேண்டியது மெசேஜ் கியூவுக்கான தனி எல்லை. சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்-டியின் சர்வீஸ் கோப்பில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது.

இவற்றையெல்லாம் விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது கியூவின் ஆயுள். இரண்டு குடும்பத்திலும் கியூ கர்னலின் சொத்து. உருவாக்கிய ப்ராசஸ் செத்தாலும் அது இருக்கும். எல்லோரும் அதை நம்பித்தான் எழுதுகிறோம். ஆனால் சிஸ்டம்-டி இருக்கும் லினக்ஸில், ஒரு சாதாரணப் பயனரின் கடைசி லாகின் முடிந்ததும் அவர் பெயரில் இருக்கும் கியூக்களையெல்லாம் சிஸ்டம்-டியின் லாகின்-டி என்ற பகுதி அழித்துவிடும். ரிமூவ்-ஐபிசி என்று அந்த அமைப்புக்குப் பெயர். ஐபிசி என்றால் ப்ராசஸ்களுக்கிடையேயான தொடர்பு. சிஸ்டம்-டியின் இயல்பு 'ஆம்', சில லினக்ஸ் விநியோகங்கள் அணைத்துத் தருகின்றன. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நிர்வாகிகளுக்கு ஷேர்ட் மெமரி விஷயத்தில் இது நன்றாகத் தெரிந்த சங்கதி.

எங்களிடம் அது நடந்த விதம் இது. சர்வீஸ் ஒரு சாதாரணப் பயனர் பெயரில் ஓடுகிறது. பராமரிப்புக்கு வருபவர் அதே பெயரில் எஸ்எஸ்எச் மூலம் லாகின் செய்து, லாக் பார்த்துவிட்டு வெளியேறுகிறார். அந்த நொடியில் கியூக்கள் போய்விடுகின்றன. சிஸ்டம் ஃபைவ் கியூவாக இருந்தால் காத்திருக்கும் ப்ராசஸுக்கு 'கியூ நீக்கப்பட்டது' என்ற எரராவது கிடைக்கும். பாசிக்ஸ் கியூவில் அழிவது பெயர் மட்டும். ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவர்கள் பழைய கியூவிலேயே இருப்பார்கள். அப்புறம் ஏதோ காரணத்துக்காக டேட்டாபேஸ் எழுதும் ப்ராசஸ் மறுதொடக்கம் ஆகிறது. அதே பெயரில் புதுக் கியூ ஒன்றை உருவாக்கிக்கொண்டு அதில் காத்திருக்கிறது. அனுப்புபவர் பழைய கியூவில் போட்டுக்கொண்டே இருக்கிறார். இரண்டு பக்கமும் எரர் இல்லை. லாகில் ஒரு வரியும் இல்லை. டேட்டா மட்டும் வராது. கியூக்களைக் கோப்புகளாகக் காட்டும் /dev/mqueue அடைவைப் பார்த்தால் கியூ அங்கே இருக்கும், அதில் மெசேஜ் இருக்காது.

இதற்கு நாங்கள் செய்தது இரண்டு. சர்வீஸை யாரும் லாகின் செய்யாத ஒரு சிஸ்டம் பயனர் கணக்குக்கு மாற்றினோம். சிஸ்டம் பயனர்களின் கியூக்களை லாகின்-டி தொடாது. அடுத்து, அனுப்பும் ப்ராசஸ் அவ்வப்போது கியூவைப் பெயரால் மறுபடி திறந்து, தான் பிடித்திருப்பதும் அதுவும் ஒன்றுதானா என்று சோதிக்கும்படி செய்தோம். லினக்ஸில் இரண்டு டிஸ்கிரிப்டருக்கும் எஃப்ஸ்டாட் செய்து ஐநோட் எண்ணை (கோப்பின் அடையாள எண்) ஒப்பிட்டால் போதும்.

கண்டெய்னரிலும் (ஒரே கர்னலின் மேல் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழல்) இதே நோய் வேறு உருவத்தில் வரும். டாக்கரில் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனி ஐபிசி நேம்ஸ்பேஸ், அதாவது ஒன்றின் கியூ மற்றதுக்குத் தெரியாது. அனுப்புபவரும் வாங்குபவரும் வேறு வேறு கண்டெய்னரில் இருந்தால், ஒரே பெயரில் ஆளுக்கொரு கியூ உருவாகும், எரர் வராது. ஒரு கண்டெய்னரின் ஐபிசியை இன்னொன்றோடு பகிரும்படி தெளிவாகச் சொல்ல வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் கண்டெய்னர் போலவே இருக்கும் ஜெயிலிலும் சிஸ்டம் ஃபைவ் கியூவுக்கு 'புதிது', 'பெற்றோருடையது', 'கிடையாது' என்று தேர்வு உண்டு.

குழுவில் சிலர் மேக் வைத்திருந்தார்கள். மேக்ஓஎஸ்ஸில் பாசிக்ஸ் மெசேஜ் கியூ கிடையவே கிடையாது, ஹெடர் கோப்பே இல்லை. ஓப்பன்பிஎஸ்டியிலும் இல்லை. இரண்டிலும் சிஸ்டம் ஃபைவ் மட்டும் உண்டு. ஆண்ட்ராய்டில் சிஸ்டம் ஃபைவ் ஐபிசியும் வேண்டுமென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ப்ராசஸ் திடீரென்று கொல்லப்பட்டால் அது விட்டுச்செல்லும் கியூவைத் தானாக மீட்க வழியில்லை என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். அது நியாயமான காரணம் என்றே நினைக்கிறேன்.

ஒரே கர்னலுக்குள்ளும் பொருத்தம் கெடும் இடம் ஒன்று உண்டு. மீட்டர் தயாரிப்பாளர் கொடுத்த லைப்ரரி 32 பிட்டில் மட்டும் இருந்தது. அதனால் படிக்கும் ப்ராசஸ் 32 பிட், மற்றவை 64 பிட். மெசேஜின் தலையில் இருக்கும் வகை எண் லாங், அதாவது ஒரு பக்கம் நான்கு பைட், மறுபக்கம் எட்டு. இதை லினக்ஸ் கர்னல் தானே மாற்றிக் கொடுத்துவிடும். உள்ளே இருக்கும் உடலை அது தொடாது. நான்கு பைட் மீட்டர் எண், அடுத்து எட்டு பைட் நேரம் என்று ஒரு ஸ்ட்ரக்ட் வைத்தால், இன்டெல் 32 பிட்டில் அது 12 பைட். 64 பிட்டில் நடுவே நான்கு பைட் இடைவெளி விழுந்து 16 பைட். மீட்டர் எண் சரியாக வரும், நேரம் குப்பையாக இருக்கும். கியூவில் ஸ்ட்ரக்டை அப்படியே போடும் பழக்கத்தை அன்றோடு விட்டோம். இப்போது ஒவ்வொரு புலமும் நிலையான அகலத்தில், நிலையான பைட் வரிசையில், முதல் பைட்டில் பதிப்பு எண்ணோடு போகிறது.

எஃப்டோக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிஸ்டம் ஃபைவ் சாவியை ஒரு கோப்பிலிருந்து உருவாக்கும் ஃபங்ஷன் அது. கோப்பின் பெயருக்கு அதில் பங்கில்லை. ஐநோட் எண்ணின் கடைசி 16 பிட்டும் டிவைஸ் எண்ணின் ஒரு பகுதியும் நாம் கொடுக்கும் ஒரு சிறு எண்ணும்தான் லினக்ஸில் சாவிக்குள் போகின்றன. அப்டேட்டில் அந்தக் கோப்பு அழித்து எழுதப்பட்டால் சாவி மாறிவிடும். வேறொரு மென்பொருளின் சாவியோடு மோதவும் வாய்ப்பு உண்டு. நிலையான ஓர் எண்ணை நாமே வைத்துக்கொள்வது நல்லது.

காத்திருப்பு நேரமும் கவனிக்க வேண்டியது. பாசிக்ஸ் கியூவில் 'ஐந்து விநாடி காத்திரு' என்று சொல்ல முடியாது, 'கடிகாரத்தில் இத்தனை மணி வரை காத்திரு' என்றுதான் சொல்ல முடியும். கடிகார பேட்டரி இல்லாத கேட்வே பெட்டி ஏதோ ஒரு பழைய தேதியில் விழித்துக்கொள்ளும். நெட்வொர்க் வழியே நேரம் தரும் என்டிபி கிடைத்ததும் நேரம் இன்றைக்குத் தாவும். அந்த நொடியில் காத்திருப்பவர்கள் எல்லோருக்கும் நேரக்கெடு முடிந்துவிடும். அலாரம் ப்ராசஸ் அதைத் 'தொடர்பு அறுந்தது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நேரம் சரியான பிறகே மற்ற சர்வீஸ்கள் கிளம்பும்படி வரிசை வைத்தோம்.

கடைசியில் கோடில் கர்னல் கியூவை நேரடியாகத் தொடும் இடம் ஒரே கோப்பாகச் சுருங்கியது. திற, அனுப்பு, வாங்கு, நிலை கேள், மூடு, இவ்வளவுதான் அதன் வெளிமுகம். அதில் நாங்கள் எழுதிவைத்த விதிகளும் குறைவு. மெசேஜ் 512 பைட்டுக்கு மேல் போகாது. அனுப்புபவர் எந்தக் காரணத்துக்காகவும் நின்று காத்திருக்க மாட்டார். கியூ நிரம்பியிருந்தால் பழைய அளவீட்டைக் கைவிட்டு, எத்தனை கைவிடப்பட்டது என்று எண்ணிக்கை ஏற்றுவார், அந்த எண்ணிக்கை திரையில் தெரியும். அலாரம் மட்டும் கைவிடப்படாது, அதை அனுப்புபவர் தன் சொந்த நினைவகத்தில் வைத்துத் திரும்பத் திரும்ப முயல்வார். மென்பொருள் கிளம்பும்போது கர்னல் கொடுத்த உண்மையான எல்லைகளை லாக் கோப்பின் முதல் வரிகளில் எழுதும். போதவில்லை என்றால் கிளம்ப மறுத்து, அந்தக் கர்னலில் எதை எங்கே மாற்ற வேண்டும் என்று சொல்லும். வயரிங்கைத் தேடி யாரும் ஏணியில் ஏற வேண்டியதில்லை.

டெஸ்ட்டுகளையும் அதற்கேற்ப மாற்றினோம். மெசேஜ் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது எளிது, அது எல்லாக் கர்னலிலும் தேறும். வாங்குபவரை நிறுத்தி வைத்துக் கியூவை நிரப்புவது, நிரம்பிய நிலையில் வாங்குபவரைக் கில் செய்து மறுபடி எழுப்புவது, வேறு அளவோடு இரண்டாம் முறை திறப்பது, ஓடும்போதே கியூவின் பெயரை அழிப்பது, கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளுவது, இவற்றை ஒவ்வொரு கர்னலிலும் தனித்தனியாக ஓட்டினோம். வேறுபாடுகள் வெளிவந்தது இங்கேதான்.

இன்று புதிதாக ஒன்றைத் தொடங்கினால் ஒரே இயந்திரத்துக்குள் யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டைத்தான் எடுப்பேன். ப்ராசஸ் செத்தால் கர்னல் மறுமுனைக்குச் சொல்லிவிடும், கண்டெய்னர்களுக்கிடையே ஒரு கோப்பைப் பகிர்ந்தால் போதும், மேக்கிலும் ஓப்பன்பிஎஸ்டியிலும் உண்டு. அதிலும் வேறுபாடு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மெசேஜையும் தனித்தனியாகப் பிரித்து, இணைப்போடு சேர்த்துத் தரும் சீக்பாக்கெட் வகை லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் உண்டு, மேக்கில் கிடையாது. மேக்கில், மெசேஜைத் தனித்தனிப் பொட்டலமாக அனுப்பும் டேட்டாகிராம் வகையை எடுத்தால் இயல்பு உச்சம் 2,048 பைட், வாங்குபவர் நிரம்பியிருந்தால் லினக்ஸ் போல் காத்திருக்காமல் 'பஃபர் இடமில்லை' என்ற எரர் உடனே வரும். 512 பைட், காத்திருப்பதில்லை என்ற எங்கள் இரண்டு விதிகளுக்கும் அது இடைஞ்சலாக இல்லை. டெவலப்பர்களின் மேக்குக்கு அந்த ஒரே கோப்பின் சாக்கெட் வடிவத்தை எழுதினோம், மேலே இருக்கும் கோடில் ஒரு வரியும் மாறவில்லை. கேட்வே பெட்டிகளில் பாசிக்ஸ் கியூ இன்னும் ஓடுகிறது. இரண்டு இயந்திரங்களுக்கிடையே போக வேண்டியதற்குக் கர்னல் கியூ எதுவும் உதவாது, அதற்கு டிசிபி மேல் ரேபிட்எம்கியூ என்ற மெசேஜ் சர்வர் வைத்திருக்கிறோம்.